ஜெரூஷா சுட்ட அச்சுமுறுக்கு

என் தங்கை ஜெரூஷாவின் மாமியார் ரத்தினபாய்க்கு ஜெபத்தில் நம்பிக்கை அதிகம். ஜெரூஷா சுடும் அச்சுமுறுக்கில் அதைவிட அதிகம். ராஜகீழ்ப்பாக்கத்தில் கிறிஸ்துமஸுக்கு முன் வீடுவீடாகப் பாடிக்கொண்டு கேரல் ரவுண்ட்ஸ் வரும் சர்ச் பாடகர் குழுவுக்கு வருஷாவருஷம் அவர்கள் வீட்டில்தான் பலகாரம். பெருமை மாமியாருக்கு, கைவலி என் தங்கைக்கு.

அவளுக்கு முடக்குவாதம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தின்கிற நோய். அதை அடக்க ஞாயிறுதோறும் மாத்திரை. போன வருஷம் சாதாரண ஃப்ளூ காய்ச்சலே அவளை ஐ.சி.யூ. வரை இழுத்துக்கொண்டு போனது.

"இன்னொரு தடவை வந்தா நுரையீரல் தாங்காதும்மா," என்றார் டாக்டர். இந்த நவம்பரில் ஃப்ளூ தடுப்பூசி போட்டார். "உங்க மாத்திரை ஊசியை வேலை செய்ய விடாது. ரெண்டு வாரம் நிறுத்துங்க. கை வீங்கும், பொறுத்துக்கணும்."

நானே போய் ரத்தினபாயிடம் இதைச் சொன்னேன். பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்.

இரண்டு ஞாயிறும் போயின. கை வீங்கவே இல்லை. ஜெரூஷா போனில் சிரித்தாள்.

"அக்கா, அத்தை எனக்காக உபவாசம் இருக்காங்க. காலைல கஞ்சிகூட அவங்களே கலக்கித் தராங்க."

அந்த மனுஷியைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று எனக்குக் கண் கலங்கியது. சே.

அடுத்த வாரம் ஆராதனையில் ஜெரூஷா எழுந்து சாட்சி சொன்னாள். மாத்திரை இல்லாமலே கர்த்தர் தன் விரல்களைக் காத்தார் என்றாள். எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது ரத்தினபாய்.

கேரல் அன்று பாடியவர்களில் பாதிப் பேர் இருமினார்கள். ஊசிதான் போட்டாயிற்றே என்று ஜெரூஷா மாஸ்க்கூடப் போடாமல் ஒவ்வொருவர் கையிலும் முறுக்கு வைத்தாள். கிறிஸ்துமஸுக்குக் காய்ச்சல். புதுவருஷத்துக்கு வென்டிலேட்டர். பிறகு பெட்டி.

பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரத்தினபாய் அவள் விரல்களைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பாரு எப்சி, கொஞ்சம்கூட வீக்கம் இல்ல. நீங்க பாட்டுக்கு நிறுத்திட்டீங்க. நான் விடுவேனா? ரெண்டு ஞாயித்துக்கிழமையும் மாத்திரையைப் பொடி பண்ணி கஞ்சில கலந்துட்டேன். இல்லன்னா வலியில துடிச்சிருப்பா, பாவம்."

அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஊசி வேலை செய்யணும்னுதானே டாக்டர் நிறுத்தச் சொன்னாரு, அத்தை?"

"அதான் ஊசி போட்டாச்சே. கை வீங்கிட்டா முறுக்கை யார் சுடறது?"

எழுந்து உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்தார். துக்கத்துக்கு வந்தவர்களிடம் ஒவ்வொருவராக நீட்டிவிட்டு என்னிடம் வந்தார்.

"அவ கையால சுட்டது. எடுத்துக்கோ."

அந்த டப்பாவை அவர் முகத்திலேயே வீசியிருக்க வேண்டும். என் தங்கையின் கைபட்டதில் அதுதான் மிச்சம் என்று ஒன்றை எடுத்துக்கொண்டேன். பாழாய்ப்போன முறுக்கு, நன்றாகத்தான் இருந்தது.