வெட்டுக்காயப்பூண்டு இல்லாத ஊர்

தாவரவியல் துறை கொடுத்த படிவத்தில் படமில்லை, செடியின் பெயர் மட்டும்தான் இருந்தது: வெட்டுக்காயப்பூண்டு. அது எந்தெந்த ஊரில் முளைக்கிறது என்று நான் விசாரித்து எழுத வேண்டும். நான் படித்ததோ கணக்கு. ரோஜாவைத் தவிர வேறு செடி தெரியாது. தொண்டூரிலும் அவலூர்பேட்டையிலும் "கெடையாது" என்றார்கள். அப்படியே எழுதிக்கொண்டேன்.

செஞ்சிக்கோட்டை வாசலில் வெள்ளரிக்காய் விற்ற மங்கை அக்காவும், "அப்படி ஒண்ணு இந்தப் பக்கமே இல்லம்மா" என்றார். சொல்லும்போதே கத்தி அவர் விரலைப் பதம் பார்த்துவிட்டது. அவர் பதறவில்லை. உட்கார்ந்திருந்த சாக்கோரம் வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பூத்துக் கிடந்த செடியில் நாலு இலையைக் கிள்ளி, கசக்கிக் காயத்தில் பிழிந்தார். ரத்தம் நின்றது.

"இது என்ன செடிக்கா?"

"மூக்குத்திப்பூ. ஊரு பூரா கெடக்குது. வெட்டுக்காயத்துக்கு இத வுட்டுட்டு, நீ சொல்ற பூண்ட எங்க போயித் தேடறது?"