ஒன்றே கால் கிலோ கூடாரம்

1

இந்தக் கதை எனக்கு இன்று காலை, கைலாசபுரம் கம்பெனி பஸ்ஸில் கிடைத்தது. டிராயிங் செக்ஷன் அமிர்தசாமி பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொன்னார். எழுதுங்கள் என்று சொல்லவில்லை. எழுதாதீர்கள் என்றும் சொல்லவில்லை. அது போதுமே நமக்கு.

முதல் தொடக்கம்: 'பச்சைமலை உச்சியில் மேகங்கள்...'

வேண்டாம். அவர் மலைக்குப் போகவே இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதற்குள் மேகத்துக்கு என்ன வேலை?

இரண்டாவது: போன வருஷம், 1983-ல், அமிர்தசாமிக்கு நாற்பத்திரண்டு வயது. பச்சைமலையில் நாலு நாள் தன்னந்தனியாக நடக்க வேண்டும், யார் வீட்டிலும் ஒண்டக் கூடாது என்று ஆசை வந்தது. (எங்கிருந்து? பழைய பேப்பர் கடையில் வாங்கிய வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து. அதில் ஒருவன் சுமையைக் குறைக்க, பல் தேய்க்கும் பிரஷ்ஷின் காம்பையே வெட்டியிருந்தான்.) முதுகில் சுமக்கக் கூடாரம் வேண்டும், அது முதுகுக்குத் தெரியவும் கூடாது.

2

காந்தி மார்க்கெட் பக்கம் பட்டாளத்துப் பழைய கூடாரம் ஒன்று இருந்தது. கித்தான், இரும்புக் கம்பம், முளை எல்லாம் சேர்த்துப் பதினொரு கிலோ. பிளாஸ்டிக் தாள் அறுநூறு கிராம்தான். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை மொட்டைமாடியில் அதற்குள் தூங்கிப் பார்த்தார். வானத்தில் ஒரு மேகம் இல்லை. தொப்பலாக நனைந்து எழுந்தார்.

கடைசியில், ஸ்ரீரங்கத்தில் குடை ரிப்பேர் செய்யும் மூக்கனிடம் குடைத் துணியில் தைக்கக் கொடுத்தார்.

"கதவு வேணாம். நூறு கிராம் குறையும்."

"சரிங்க."

"கீழ விரிப்பும் வேணாம்."

"துணியே வேணாம்னா இன்னும் குறையுங்க சார்."

(மூக்கன் இப்படிப் பேசியிருப்பாரா என்பது சந்தேகம். நன்றாக இருப்பதால் விட்டுவைக்கிறேன்.)

நடுவில் ஒற்றை மூங்கில் கம்பு. மொத்தம் ஒன்றே கால் கிலோ.

3

மனைவி செல்வமேரி, ஸ்கூல் டீச்சர், சுற்றி வந்து பார்த்தார்.

"இதுல எத்தனை பேர் படுக்கலாம்?"

"ஒருத்தர்தான். ரெண்டு பேருக்குன்னா ரெண்டு கிலோ ஆயிடும்."

"அப்போ என்னைக் கழிச்சதுல முக்கால் கிலோ மிச்சம்."

அமிர்தசாமிக்கு நெஞ்சில் சுருக்கென்று...

(மூன்று முறை எழுதி அடித்துவிட்டேன். அவருக்குச் சுருக்கென்றெல்லாம் ஒன்றும் ஆகவில்லை. "ஆமா, முக்கால்" என்று மகிழ்ந்துபோனார்.)

4

மழையில் கூடாரம் கிழிய வேண்டும், ஆள் நனைந்து திருந்த வேண்டும் என்பது என் திட்டம். அமிர்தசாமி ஒத்துக்கொள்ளவில்லை.

"ஒரு சொட்டு ஒழுகலை சார்!"

மலையில் இரண்டாம் நாள் பிற்பகல் கொட்டியது. முழங்காலை மடக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். மரவள்ளிக் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த வீராயி என்கிற பெண், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"உள்ள கொஞ்சம் இடமிருக்குங்களா?"

"இல்லீங்களே."

அந்த அம்மாள் நனைந்துகொண்டே போய்விட்டார். இதைச் சொல்லும்போது அமிர்தசாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

5

வீடு திரும்பியதும் செல்வமேரி கேட்டார்: "எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்."

"சரி. மே மாச லீவுல நான் எடுத்துட்டுப் போறேன்."

"நீ தனியாவா?"

"ரெண்டு பேருக்கு இடமில்லையே."

பாம்பு, வழுக்குப் பாறை, காய்ச்சல், கண்ட கண்ட ஆட்கள் என்று அமிர்தசாமி அடுக்கினார். தான் கிளம்பியபோது இதில் ஒன்றுகூட அவர் நினைவுக்கு வந்ததில்லை.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதுக்காகப் போகாம இருக்க முடியாதுங்க" என்றார் செல்வமேரி.

அவர் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, இன்றோடு நாலாவது நாள். இன்றைக்குத் திரும்ப வேண்டும்.

"எப்படி சார் முடிப்பீங்க?" என்று அமிர்தசாமி என்னைக் கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். பயந்துபோய் செல்வமேரி பாதியிலேயே திரும்பலாம். வீராயி வீட்டில் தங்கிச் சிநேகிதியாகலாம். அல்லது, இலக்கியத்துக்கு நல்லது, திரும்பாமலே...

அமிர்தசாமி என் கையைப் பிடித்து அமுக்கினார்.

"முடிச்சிடாதீங்க சார். அவ வரட்டும்."

பேனாவை மூடிவிட்டேன். துறையூர் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரிந்தவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.