முகம் தெரியாமல் ஒரு படம்

என் மனைவி இறந்தது அவளுடைய அம்மாவுக்கு மட்டும் தெரியாது. அவள் படித்த துறையில் தெரியும். நாங்கள் குடியிருந்த வீட்டில் தெரியும். நான் வேலை பார்த்த ஓட்டல் சலவைப் பிரிவில் தெரியும். ஊரில் சொந்தபந்தம் முழுக்கத் தெரியும், அத்தை வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர் உட்பட. அத்தைக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்து நெஞ்சுத் தையல் காயாமல் இருந்தது. அதிர்ச்சி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒருத்தரும் வாய் திறக்கக் கூடாது என்று மச்சான், அதாவது அவளுடைய அண்ணன், எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

படிக்க வந்தவள் அவள். நான் அவளுடைய கணவன் என்ற தகுதியில் கூட வந்தவன். "பொண்டாட்டி முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு ஏரோபிளேன் ஏறின ஒரே மாப்பிள்ளை நீங்கதான்" என்று விமான நிலையத்தில் வைத்தே அத்தை சொன்னார். வழியனுப்ப வந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் என்ன படிப்பு, ஒரு பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டு எங்கே வேணா போகட்டும் என்பது அத்தையின் கட்சி. ஆனால் கடைகடையாக ஏறி இறங்கி அவளுக்குக் குளிர் கோட்டு வாங்கியதும் அத்தைதான். கடுகு மஞ்சள் நிறம். அவளைப் போல இன்னொருத்தியும் உள்ளே நுழையலாம், அவ்வளவு பெரிது. "உள்ள ரெண்டு ஸ்வெட்டர் போட வேணாமா?" என்றார்.

நூலகத்தில் இறந்தாள். மேசையில் தலை சாய்த்தவள் எழவில்லை. மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அந்த நூலகத்தில் யாரும் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். அது அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது. "தோளைத் தட்டி 'நீ யாரு வீட்டுப் பொண்ணு'ன்னு கேட்க ஒரு ஆள் கிடையாது, என்ன நிம்மதி தெரியுமா" என்பாள். அன்றைக்கும் யாரும் தோளைத் தட்டவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி, படித்துக் களைத்துத் தூங்குகிறாள் என்று நினைத்து, அவள் மேசை விளக்கை அணைத்திருக்கிறாள். கீழே உருண்ட பேனாவை எடுத்து, மூடி போட்டு, அவள் கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நூலகத்தை மூட வந்த காவலாளிதான் தொட்டுப் பார்த்தார்.

அங்கேயே எரித்தோம். சாம்பலை ஒரு சின்ன பெட்டியில் போட்டு மூடித் தந்தார்கள். குடிவரவு அலுவலகத்தில் ஒரு பெண் என் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்துவிட்டு, மாணவி இல்லாமல் மாணவியின் கணவர் இந்த நாட்டில் இருக்க முடியாது, அடுத்த மாதம் கிளம்ப வேண்டும் என்றாள். மென்மையாகத்தான் சொன்னாள்.

மச்சானிடம் நான் கேட்டது ஒன்றுதான். நான் வருவதற்குள் அத்தைக்குச் சொல்லிவிடுங்கள். பெட்டியும் கையுமாக வாசலில் போய் நின்று என்னால் சொல்ல முடியாது.

"சொல்லாமயா இருக்கப் போறோம்? தையல் ஆறட்டும் மாப்பிள்ளை" என்றார். "இப்பப் பிரச்சினை வேற. அம்மா சாப்பிட மாட்டேங்கறாங்க. பாப்பா ஏன் பேசலைங்கறாங்க. தொண்டை கட்டியிருக்கு, குரலே வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன். ஒரு போட்டோ அனுப்புங்க."

"அனுப்பினேனே."

"பழசெல்லாம் அவங்களுக்கு மனப்பாடம். எந்தப் படத்துல எந்தக் கம்மல்னு சொல்றாங்க. புதுசா வேணும்."

"புதுசுக்கு நான் எங்க போறது மச்சான்?"

அதற்கும் அவர் யோசித்து வைத்திருந்தார். அவள் துறையிலிருந்து மலை ஏரிக்கு ஒரு சுற்றுலா போவதாக இருந்தது. எங்கள் இருவருக்கும் அவள் முன்பே இடம் பிடித்து, வீட்டு வாட்ஸப் குழுவில் பெருமையாகப் போட்டிருந்தாள். "அங்க போங்க. உங்க வீட்ல ஒரு பொண்ணு இருக்கே, நம்ம பாப்பா உயரம்தானே? அந்த மஞ்சள் கோட்டைப் போட்டு நிக்கச் சொல்லுங்க. முகம் தெரிய வேணாம்." கூடவே, "அப்படியே அந்தப் பெட்டியையும் எடுத்துட்டுப் போயி ஏரியில கரைச்சுடுங்க. தண்ணி எல்லாம் தண்ணிதான். ரெண்டு வேலையும் ஒரே நடையில முடிஞ்சுரும்" என்றார்.

எங்கள் வீட்டில் எங்களோடு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அவளுக்கு ஜூனியர். வாலு என்று கூப்பிடுவோம். இன்னொருவர் அதே துறையில் பல வருஷமாக ஆராய்ச்சி செய்கிறவர். யார் எப்போது சமைப்பது, யார் குப்பை கொட்டுவது எல்லாம் அவர் தீர்ப்புதான். அதனால் தலைவர். என் மனைவி இறந்த வாரம், பாத்ரூம் கழுவும் அவள் முறையை எனக்கு மாற்றிவிட்டதாகத் தலைவர் வந்து சொன்னார். "அவசரம் இல்ல. மனசு கொஞ்சம் தேறினதும் கழுவினாப் போதும்."

வாலுவிடம் கேட்டேன். முகத்தைச் சுளிப்பாள் என்று நினைத்தேன். "அக்கா சீட்டு காலியாத்தானே இருக்கு? நான் அந்த ஏரியைப் பார்த்ததே இல்லண்ணா" என்றாள்.

பஸ்ஸில் வழிகாட்டி பெயர்களைக் கூப்பிட்டான். என் மனைவியின் பெயரைத் தப்பும் தவறுமாகக் கூப்பிட்டான். அவளோடு படித்தவர்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். மறுபடியும் கூப்பிட்டான்.

"கையைத் தூக்கு. இல்லேன்னா எறக்கி விட்ருவான்" என்று தலைவர் வாலுவின் விலாவில் இடித்தார். வாலு கையைத் தூக்கினாள். மஞ்சள் கை. வழிகாட்டி சிரித்தபடி, நல்ல நிறம், பனியில் தொலைய மாட்டீர்கள் என்றான்.

ஏரி உறைந்திருந்தது. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை கெட்டியாகக் கிடந்தது. மேலே பிள்ளைகள் சறுக்கி விளையாடினார்கள். பெட்டி என் முதுகுப் பையில் இருந்தது. கரைப்பதாக நான் நினைத்திருக்கவில்லை. வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மனம் இல்லை, அவ்வளவுதான்.

மச்சான் வீடியோவில் வந்தார். தலைவர் ஒரு கையில் மச்சானையும் மறு கையில் கேமராவையும் பிடித்துக்கொண்டார்.

"தொப்பியை நல்லா இழுத்து விடும்மா. பக்கவாட்டுல திரும்பு. மூக்கு தெரியுது பாரு. எங்க வீட்ல யாருக்கும் அந்த மூக்கு கிடையாது" என்றார் மச்சான்.

"என் மூக்குக்கு என்னவாம்?" என்றாள் வாலு.

"அண்ணே, கொஞ்சம் ஒட்டி நில்லுங்க. புருஷன் பொண்டாட்டியாட்டம் நிக்கச் சொன்னா, பேங்க் வரிசையில நிக்கற மாதிரி நிக்கறீங்க" என்றார் தலைவர்.

"மாப்பிள்ளை, அந்தப் பையைக் கழட்டி வைங்க."

"வேணாம் மச்சான்."

"போட்டோவுக்கு நல்லா இருக்காது."

"வேணாம்."

எடுத்தார்கள். படத்தில் வெள்ளையாக ஏரி. முகம் தெரியாமல் மஞ்சள் கோட்டு. பக்கத்தில் பையோடு நான். மூன்று பேருமே அதில் இருந்தோம்.

திரும்பும்போது வாலு என் பக்கத்து இருக்கைக்கு வந்தாள். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க. இந்தக் கோட்டை ஊருக்கா எடுத்துட்டுப் போவீங்க? அங்க இதைப் போட்டா வெந்துதான் போகணும்."

"வச்சுக்க."

"தேங்க்ஸ்ணா. அக்கா வாசனை இன்னும் அடிக்குது. அதான் ஒரு மாதிரியா இருக்கு. உங்க ஓட்டல்ல போட்டுத் துவைச்சுக் குடுத்துடறீங்களா?"

அடுத்த நாள் வேலைக்குப் போகும்போது எடுத்துப் போனேன். விருந்தினர் துணிகளோடு போட்டேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அது புரள்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நன்றாகச் சுத்தமாகி வந்தது. முகர்ந்து பார்த்தேன். ஓட்டல் சோப்பு வாசனைதான் வந்தது.

மச்சான் அன்று மத்தியானமே கூப்பிட்டார். "மாப்பிள்ளை, அம்மா எழுந்து உட்கார்ந்துட்டாங்க. ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாங்க. கூடம் வரைக்கும் நடந்து வந்தாங்க!"

"நல்லது."

"போட்டோவைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தாங்க. கோட்டு முன்னால புடைச்சிருக்கு, கை வயித்து மேல இருக்கு. 'அடப்பாவி, முழுகாம இருக்காளாடா? அதான் முகத்தைக் காட்ட வெக்கமா?'ன்னாங்க."

எனக்கு முதலில் புரியவில்லை. அன்று ராத்திரி வாலுவைக் கேட்டபோதுதான் விளங்கியது. "அதுவா? பசிக்கும்னு ரொட்டிப் பொட்டலத்தைக் கோட்டுக்குள்ள வச்சிருந்தேண்ணா. விழுந்துடக் கூடாதுன்னு பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

"இல்லைன்னு சொல்லிட்டீங்கதானே மச்சான்?" என்று போனில் அப்போதே கேட்டேன்.

"அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படி மாப்பிள்ளை இல்லைன்னு சொல்றது? நாலாவது மாசம்னு வாயில வந்துருச்சு."

"நான் அடுத்த மாசம் அங்க வந்து நிக்கணும்."

"அதைத்தான் சொல்ல வந்தேன். இப்ப வராதீங்க. டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்க. அங்க இருக்க முடியாதுன்னா வேற எந்த ஊருக்காவது போய் இருங்க. குழந்தை விஷயத்தை ஏதாவது சொல்லி மெதுவா முடிச்சுக்கலாம். கலைஞ்சிருச்சுன்னு சொன்னா கொஞ்ச நாள் அழுவாங்க. அப்புறம் மத்ததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கும்."

இல்லாத குழந்தையைக் கொன்று, அந்த வழியாக அவளைக் கொல்வது என்று திட்டம்.

"இன்னொண்ணு" என்றார். "ஒரே ஒரு வார்த்தை பேசினாப் போதும்ங்கறாங்க. தொண்டை கட்டின குரல்தானே, அந்தப் பொண்ணையே..."

"குரல் முடியாது மச்சான். கோட்டைக் குடுத்தேன். குரலைக் குடுக்க மாட்டேன்." வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் அழைப்பை நான் எடுக்கவில்லை. டிக்கெட்டை மாற்றவும் இல்லை.

ஒரு காலையில் வீட்டில் என் அறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது அத்தையே கூப்பிட்டார். படம் இல்லாமல் குரல் மட்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் தனியாகக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை. போனை அவர் கையில் கொடுக்காமல் வைத்திருந்தார்கள்.

"என்ன மாப்பிள்ளை, ஆளையே காணோம்? அப்பாவாகப் போற மப்பா?"

"அத்தை."

"போட்டோவுல ஏன் அந்த மூட்டையைச் சுமந்துக்கிட்டு நின்னீங்க? ஏதோ சுமைகூலிக்காரர் மாதிரி. ஒரு நிமிஷம் எறக்கி வைக்கக் கூடாதா? சரி, அதை விடுங்க. டாக்டர்கிட்ட கேட்டுட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு விமானத்துல ஏறலாம்னுட்டாரு. பிரசவத்துக்கு நான் வந்துடறேன். இவனுக்குச் சொல்லல. சொன்னா குதிப்பான்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். பெட்டி எதிரே அலமாரியில் இருந்தது. காலமாகிவிட்டாள், தவறிவிட்டாள், நம்மை விட்டுப் போய்விட்டாள். எல்லா வார்த்தையையும் நினைத்துப் பார்த்தேன். இத்தனை நாளில் ஒருத்தரிடமும் நான் அதை என் வாயால் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எல்லாரிடமும் வேறு யாரோதான் சொன்னார்கள்.

"அத்தை, அவ செத்துட்டா" என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு மூச்சு. பிறகு குரல் எழும்பியது. "என்ன பேச்சு இது? சண்டையா உங்களுக்குள்ள? சண்டைன்னா வாயில இதுதான் வருமா? பிள்ளைத்தாச்சியைப் பாத்துப் பேசற பேச்சா இது? படிச்சவருதானே நீங்க? என் பொண்ணு சம்பாதிச்ச இடத்துல போயி ஒட்டிக்கிட்டு..."

"சண்டை இல்லத்தை. நூலகத்துல..."

"வாயை மூடுங்க! வயித்துல இருக்கறது கேக்கும்."

சமையலறையில் வாலு சிரித்தாள். தலைவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். வகுப்புக்குக் கிளம்பும் அவசரத்திலும் சத்தமாகச் சிரித்தாள்.

அத்தை நிறுத்தினார். எனக்கு அவர் மூச்சு கேட்டது. இழுத்து, இழுத்து விட்டார். திரும்பப் பேசியபோது அந்தக் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த அத்தை யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை.

"அவதானே மாப்பிள்ளை சிரிச்சது?"

நான் சமையலறைக் கதவைப் பார்த்தேன்.

"அவதானே? பக்கத்துலதானே இருக்கா? குடுங்க. ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒரு வார்த்தை. குடுங்க மாப்பிள்ளை. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எழுந்து போனேன். வாலு மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றவாக்கில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். போனை நீட்டினேன். யாரென்று திரையில் பார்த்தாள். தலையை ஆட்டினாள், முடியாது என்று. நான் கையை மடக்கவில்லை. தலைவர் அடுப்பை அணைத்தார்.

வாலு டீயைக் கீழே வைத்தாள். போனை வாங்கினாள். தொண்டையைச் செருமினாள்.

"ம்மா" என்றாள், காற்றாக.

போனுக்குள் அழுகை வெடித்தது எனக்கு வெளியிலேயே கேட்டது. அழுகையோடு திட்டும் வந்தது. "எத்தனை நாளாச்சுடி... தொண்டை இன்னுமா சரியாகல... வெந்நீர் குடிக்கிறியா இல்லையா?"

"குடிக்கிறேம்மா."

"மாப்பிள்ளை ஏதேதோ பேசறாருடி. கண்டுக்காதே. நீ இருக்கேல்ல, அது போதும். கோட்டைப் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேம்மா."

"அடிவயித்துல வலி கிலி இருக்கா?"

வாலு என்னைப் பார்த்தாள். அவள் கை கோட்டின் மேல் தானாக வயிற்றுக்குப் போனது. இப்போது யாரும் படம் எடுக்கவில்லை. உள்ளே பொட்டலமும் இல்லை.

"இல்லம்மா" என்றாள்.