துத்தநாக வளையத்தில் நீலப் பெயின்ட்

இருபது வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். உலோகங்களின் ஒடுக்க மின்னழுத்த அட்டவணையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். செம்பு +0.34, இரும்பு −0.44, துத்தநாகம் −0.76. மதிப்பு குறைந்தது முதலில் கரையும், கூட இருப்பதைக் காப்பாற்றும். இதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

என் தம்பி பால்ராஜின் படகில் இந்த மூன்றும் இருந்தன. செம்பு கலந்த பித்தளை விசிறி, அதைச் சுழற்றும் இரும்புத் தண்டு, தண்டின் மேல் ஒரு துத்தநாக வளையம். உப்புத் தண்ணீரில் பித்தளையோடு சேர்ந்த இரும்பு அரித்துப்போகும். அதற்குப் பதில் வளையம் கரையட்டும் என்று, தண்டைப் பொருத்திய ஆரம்பாக்கத்து மெக்கானிக் சம்பந்தம் மாட்டிவிட்டிருந்தார்.

மாதா கோயில் திருவிழாவில் சாமியார் படகுகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். அதற்கு முன் படகுக்குப் பெயின்ட் அடிப்பது எங்கள் வீட்டில் அக்காவான என் வேலை. வளையம் சொறி பிடித்தாற்போல் பொத்தல் பொத்தலாக இருந்தது. மாதா முன்னால் இப்படியா நிறுத்துவது என்று அதற்கும் இரண்டு கோட்டிங் நீலம் அடித்தேன். அட்டவணை நினைவுக்கே வரவில்லை. துத்தநாகமாக அது தெரியவில்லை, அழுக்காகத்தான் தெரிந்தது.

பத்து மாதம் கழித்து முகத்துவாரத்தில் தண்டு முறிந்தது. எஞ்சின் ஓடியது, படகு நகரவில்லை. அலை அதைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்தது. மூன்றாம் நாள் பக்கத்துக் கிராமமான பசியாவரத்துக்காரர்கள் பால்ராஜைக் கொண்டுவந்தார்கள்.

மட்டமான இரும்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று ஊரே சம்பந்தத்தைத் திட்டியது. அவரிடம் எஞ்சின் கொண்டுபோவதை நிறுத்திவிட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர் முகத்தில், தம்பி மனைவி எப்சிபா கதவைச் சாத்தினாள். அவர், கரை ஒதுங்கிய படகிலிருந்து கழற்றிய முறிந்த தண்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். இரும்பு மென்று துப்பிய கரும்புபோல் இருந்தது. வளையம் மட்டும் நீலம் மாறாமல், அதற்குமேல் கொஞ்சமும் கரையாமல் இருந்தது. பெயின்ட் மூடியதால் தண்ணீர் அதைத் தொடவே இல்லை. யார் அடித்தது என்று அவர் கேட்கவில்லை.

தண்டைப் பார்த்த பிறகும் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதைவிடக் கேவலம் இல்லை. முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் எப்சிபாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த மனுஷர் மேல் தப்பில்லை, தம்பியைக் கொன்றது நான்தான் என்றேன்.

அவள் அழவில்லை.

"நீங்க பூசுனத உங்க தம்பி பாத்தாரு அண்ணி. அதுல பெயின்ட் அடிக்கக்கூடாதுன்னு மெக்கானிக் சொல்லிக்கீறாரேன்னு என்னாண்ட சொன்னாரு. அப்ப சொரண்டிடுன்னேன். வாணாம், அக்கா கெமிஸ்ட்ரி டீச்சரு, அதுக்குத் தெரியாதான்னாரு."

பிறகு சம்பந்தத்திடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பாக்கத்துக்குக் கிளம்பினாள். என்னைக் கூப்பிடவில்லை.