பேரிமரத்தில் ஏறிய செல்போன்

அது 2006. இணையம் கைக்கு வர அப்போது இரண்டு பொருள் வேண்டியிருந்தது. ஒன்று, மகன் பிரதீப் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய கையகலக் கருவி. இன்னொன்று, அதற்குப் புளூடூத் வழியாக இணையம் ஊட்டும் செல்போன். முதலாவது கூக்கால் கிராமத்து வீட்டில் சந்தனப் பொட்டோடு சாமிப் படத்தருகே கொலுவிருந்தது. இரண்டாவதை வாங்க, கூட்டுறவுச் சங்க முன்னாள் செயலாளர் திருமலைச்சாமி, மனைவி சண்முகவள்ளியோடு கொடைக்கானல் பஜாரில் சுல்தான் கடைக்கு வந்திருந்தார்.

சண்முகவள்ளிக்கு வேண்டியது ஒன்றுதான். சிறுவயதில் இந்தியாவுக்குக் கப்பலேறிய அன்று, இலங்கையில் அட்டன் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் விட்டுவந்த அக்காவின் முகம். அக்கா பேரன் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறானாம்.

"எதுல தம்பி எங்கக்கா மொகம் தெரியும்?"

"எதை வாங்குனாலும் தெரியும்மா," என்ற சுல்தான் திருமலைச்சாமி பக்கம் திரும்பினார். "இந்தச் சின்னதே போதும் சார். லேசா இருக்கும்."

"லேசா இருந்தா எவன் மதிப்பான்? மேசையில வச்சா டொக்குனு கேக்கணும்யா." செங்கல் போலிருந்த ஒன்றை எடுத்து, உரமூட்டை நிறுத்துப் பழகிய கையால் எடைபார்த்துத் தலையாட்டினார்.

திரும்பும் பஸ்ஸில் தகவல் புரட்சி பற்றி அவர் ஆற்றிய உரையைக் கேரட் மூட்டைகள் அமைதியாகக் கேட்டுவந்தன.

வீட்டில் சிக்னல் இல்லை. ஏரிக்கரைப் பேரிக்காய் மரத்தடியில் ஒரு கோடு வந்து வந்து போனது. மரத்தின் மேலே போனால் நிலையாக நிற்கும் என்றார்கள் ஊர்க்காரர்கள். புது போனை அடுத்தவர் கையில் கொடுக்க மனமில்லாத திருமலைச்சாமி, கருவியில் தொட வேண்டியதைத் தொட்டு மனைவியிடம் தந்துவிட்டு, வேட்டியை மடித்துக்கட்டித் தானே ஏறினார்.

கீழே சண்முகவள்ளியின் மடியில் படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் தகரக்கூரை. அதன்மேல் இன்னும் அதே பூசணிக்கொடி.

"ஏ வள்ளி, என்ன வருது?"

"கூரை வருதுங்க. கையை எறக்காதீங்க, நின்னு போகுது."

நரைத்த வகிடு வந்தது. நெற்றி, கண். மூக்கில் அம்மாவின் சிவப்புக்கல் மூக்குத்தி. கப்பலுக்குக் கிளம்பிய அன்று இவள் அழுது புரண்டு கேட்டும் அக்கா கழற்றித் தரவில்லை. கடைசியாக, பல் போன வாயோடு அந்தச் சிரிப்பும் வந்து படம் நிறைந்தது.

"வந்துருச்சா? என்னா கனம் கனக்குது இது. கை கடுக்குது."

அவர் இறங்கினால் கருவி கைமாறிவிடும். ஊர் கூடிவிடும். உரை தொடங்கிவிடும். சண்முகவள்ளி முந்தானையால் திரையை மெல்லத் துடைத்தாள்.

"இன்னும் வரணுங்க," என்றாள். "அசையாம இருங்க."