பன்னிரண்டு சாம்பிள்

காலை பத்து மணிக்கே நாக்கில் விஸ்கி வைக்கிறவளுக்கு என்னடி குறை என்று அக்கா கேட்பாள். வைத்ததும் துப்ப வேண்டும், அக்கா. பத்தொன்பது வருஷமாக வைப்பதும் துப்புவதுமாகவே போய்விட்டது. அலுத்துவிட்டது எனக்கு.

இந்த முறை எங்கள் ஆலையில் பதினொரு வருஷம் ஊறிய சிங்கிள் மால்ட் விஸ்கி. கடைசிச் சில மாதங்களுக்கு அதைப் பன்னிரண்டு புது ஓக் பீப்பாய்களுக்கு மாற்றியிருந்தோம். பழைய பீப்பாய் சாது. புதுசு அப்படியில்லை, கொஞ்சம் அசந்தால் விஸ்கிக்குள் மரத்தையே கரைத்துவிடும். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் பன்னிரண்டிலிருந்தும் பீப்பாய்க்கொரு சின்னப் பாட்டிலில் சாம்பிள் எடுத்து வருவது கிடங்கைப் பார்க்கும் அத்தானின் வேலை. முகர்ந்து, சுவைத்து, நோட்டில் எழுதி, எதிலிருந்து எப்போது விஸ்கியை இறக்குவது என்று சொல்வது என் வேலை. அத்தான், அக்கா வீட்டுக்காரர்தான். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் நான்தான்.

இந்தத் திங்கட்கிழமை அத்தான் லீவு. நானே ஏணி போட்டு ஏறினேன். கூரைத் தகரத்தின் சூட்டில் கிடந்த மேல் வரிசைப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன். அடக் கடவுளே! பென்சிலை மென்றது மாதிரி ஒரே கசப்பு. அடுத்ததும் கசப்பு, அதற்கடுத்ததும் கசப்பு, இப்படியே பதினொன்றும். வாசலோரம் தரையில் இருந்த ஒன்று மட்டும் தேன். போன வாரம்தான், "பன்னிரண்டும் அருமை, இன்னும் மூன்று வாரம் விடலாம்" என்று எழுதியிருந்தேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், சாம்பிள் எங்கிருந்து எடுத்தீங்க? மறைக்காம சொல்லுங்க."

"ஏணி ஏற முடியலம்மா. வாசலோரம் இருக்கறதுலேருந்தே பன்னெண்டு பாட்டிலையும் நிரப்பிட்டேன்."

"எத்தனை வாரமா?"

"ஏழு."

"அறிவிருக்கா உங்களுக்கு? பதினோரு பீப்பாய் நாசம்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"முதல் வாரம் நீ கண்டுபிடிச்சு என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவேன்னுதான் பயந்துக்கிட்டிருந்தேன். நீ என்னடான்னா பன்னெண்டுக்கும் பன்னெண்டு விதமா எழுதியிருந்தே. ஒண்ணுல வெண்ணிலா, ஒண்ணுல ஆரஞ்சுத் தோல்... சரி, பெருசா ஒண்ணும் தப்பில்லபோலன்னு விட்டுட்டேன்."

மூக்கு செத்திருந்தால்கூடத் தேவலை. காலையில் அந்தக் கசப்பு முதல் சொட்டிலேயே தெரிந்ததே! மூக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நான்தான் ஏழு வாரமாக அதைச் சட்டை செய்யாமல் கை போன போக்கில் எழுதியிருக்கிறேன்.

"தப்பு என்னோடது. முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன். உன் பேரு அடிபட வேணாம்" என்றார் அத்தான்.

மறுநாள் நொண்டிக்கொண்டே வந்து சொல்லியும்விட்டார். முதலாளி அவரைக் கிழி கிழியென்று கிழித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க? குடுத்ததைத்தானே சுவைச்சீங்க" என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். ஆனால் அடுத்த திங்கட்கிழமையும் பன்னிரண்டு பாட்டில் வரும். நினைத்தாலே உடம்பு சோர்ந்தது. போதாக்குறைக்கு, அத்தான் தலையைக் குனிந்துகொண்டு நின்ற கோலத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நோட்டை எடுத்து மேஜையில் விரித்தேன்.

"எல்லாம் ஒரே பீப்பாய் சார். நான் எழுதியிருக்கறதைப் படிச்சுப் பாருங்க."

ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். ஏழாவது வாரத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்போ இத்தனை வருஷமா நீங்க எழுதிக் குடுத்தது?"

"எதை முகர்ந்து எழுதினேன், எதைச் சும்மா எழுதினேன்னு எனக்கே தெரியல சார்" என்றேன்.