மேனுஷா வெளிநடப்புச் செய்யவில்லை

மேனுஷா வழக்கறிஞர், போன வருடத்திலிருந்து கவுன்சிலரும்கூட. கிழக்கு லண்டனில் அகதி விண்ணப்பக்காரர்கள் வந்துபோகும் இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தைக் காப்பாற்றுவேன் என்று சொல்லித்தான் வென்றிருந்தாள். இப்போது கவுன்சிலின் பட்ஜெட் அதை மூடச் சொன்னது. வாக்கெடுப்பைப் புறக்கணிப்பதென்று அவளுடைய சிறிய கட்சிக் குழு முடிவெடுத்தது.

அன்று மத்தியானம் அலுவலகத்தில் கத்தரினிடம் இதைச் சொன்னாள். கத்தரின் செக் நாட்டுக்காரி, உடன் வேலை பார்ப்பவள்.

"நல்ல முடிவு" என்றாள் கத்தரின். "எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் இருந்தார். தாத்தாவின் தாத்தா. அவரும் வக்கீல்."

செக் மக்கள் வியன்னாவைத் தலைநகராகக் கொண்ட ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்த காலம் அது. நிலத்துக்காக வழக்குப் போட்ட விவசாயிக்குக் கோர்ட்டு ஜெர்மனில் தீர்ப்புச் சொல்லும். ஜெயித்தோமா தோற்றோமா என்றே அவனுக்கு விளங்காது. அந்த வக்கீல் பிடிவாதமாகச் செக் மொழியில் வாதாடினார். கூட்டமொன்றில் பேசியதற்காகச் சிறைக்கும் போனார். ஊர் அவரை வியன்னா நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. எங்கள் உரிமையை ஏற்காத சபைக்கு வரமாட்டோம் என்று அவரும் தோழர்களும் வருடக்கணக்கில் வெளியே நின்றார்கள். ஊர் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது.

"பிறகு?"

"பிறகு ஒருநாள் ரயிலேறிப் போய் அந்தச் சபையிலேயே உட்கார்ந்துவிட்டார். சொந்தத் தம்பியே அவர் முகத்தில் கதவைச் சாத்தினார். இன்றுவரை எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைப்பதில்லை."

"போனதால் ஏதாவது கிடைத்ததா?"

"செக் மொழியில் மனுக் கொடுத்தால் அதே மொழியில் பதில் தர வேண்டும் என்று ஓர் ஆணை. அவ்வளவுதான்."

அது மேனுஷாவுக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

மாலையில் அப்பா ஆனந்தராஜா போன் எடுத்தார். யாழ்ப்பாணத்தில் மாணவனாக இருந்தபோது பகிஷ்கரிப்புகளில் முன்னுக்கு நின்றவர்.

"என்ன பிள்ளை, வெளியிலைதானே நிக்கப்போறாய்?"

"இல்லை அப்பா, உள்ளுக்குப் போறன்."

"பட்ஜெட்டுக்கு ஆதரவா வோட்டுப் போடவோ?"

"கிழமையிலை ரெண்டு நாளாவது நிலையத்தைத் திறந்து வைக்க ஆளுங்கட்சிக்காரர் ஓமெண்டால், போடுவன்."

"எங்கட சனத்துக்கு என்ன சொல்லுவாய்?"

"செய்ததைச் சொல்லுவன்."

அவர் போனை வைத்துவிட்டார்.

ஆளும் கட்சிக்குள்ளேயே சிலர் முரண்டு பிடித்ததால் அவர்களுக்கு ஒவ்வொரு வாக்கும் தேவைப்பட்டது. மேனுஷா கவுன்சில் தாழ்வாரத்தில் நின்று பேரம் பேசினாள். இரண்டு நாளுக்கு ஒத்துக்கொண்டு பட்ஜெட்டில் திருத்தம் எழுதினார்கள். அவள் கையை உயர்த்தினாள். மனம் கூசியது, கையை இறக்கவில்லை.

வெளியே, தேர்தலில் அவளோடு வீடு வீடாக நடந்த கிறிஸ்துராஜா நின்றிருந்தார். "இனி எங்கட வீட்டுப் படி ஏறாதை" என்றார். அடுத்த வாரம் குழுவும் அவளை நீக்கியது.

நிலையம் திங்களும் வியாழனும் திறந்தது. மேனுஷா இரண்டு நாளும் போய் உட்கார்ந்தாள். வரிசை முன்பைவிட நீளம். எல்லோரையும் பார்த்து முடிக்க இயலவில்லை. அப்பா மீண்டும் பேசத் தொடங்கிவிட்டார், அந்த வாக்கைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை, கதவு மூடும் நேரத்தில் ஒருவர் ஓடி வந்தார்.

"இண்டைக்கு ஏலுமோ தங்கச்சி?"

"ஏலாது அண்ணை. வியாழன் வெள்ளனவே வாங்கோ, நான் இருப்பன்."